தேவை: மூன்று மாதக் கர்ப்பிணி

மருத்துவச்சிகளுக்கு ஸ்கேன் பார்க்கப் பயிற்சி தருகிறார்கள் என்றதும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தவள் நான். அதுவரை வயிற்றைத் தொட்டுப் பார்த்தே வேலை செய்தவளுக்கு, உள்ளேயே எட்டிப் பார்க்கலாம் என்றால் ஆசை வராதா? ஊர்ப் புதினம் அறிவதில் எனக்கு எப்போதும் ஒரு கண். படிப்பு ஒழுங்காகத்தான் போனது. கடைசிச் சோதனையில்தான் வில்லங்கம். மூன்று மாதக் கர்ப்பிணி ஒருத்தியை நாங்களே கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம். ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம்தான்.

என்னோடு படித்த பிரெஞ்சுக்காரிகள் தோழிமாரிடம் கேட்டார்கள், உடனே கிடைத்தது. எங்கள் தமிழ் ஆட்களோ மூன்று மாதம் முடியும்வரை வாயே திறக்கமாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடுமே! வயிறு தெரிந்த பிறகு எங்கள் கடைத்தெரு லா சப்பேல் முழுக்கச் சொல்வார்கள். அப்போது சொல்லி எனக்கென்ன பயன்?

ஆகவே அங்கே ரூ காய் என்ற தெருவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்குள் நின்று மற்றவர்களின் கூடைகளை வேவு பார்க்கத் தொடங்கினேன். புளிமாங்காய் எடுப்பவள் யார், மீன் பக்கம் வந்ததும் மூக்கைப் பொத்துபவள் யார்? வெட்கங்கெட்ட வேலைதான். ஒரு சனிக்கிழமை ஒருத்தி மாங்காயை அள்ளி அள்ளிப் போட்டாள். எனக்கு வாயெல்லாம் பல். கிட்டப்போய் மெல்லக் கேட்டேன்.

"தங்கச்சி, எத்தினை மாதம்?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, இது எங்கடை ரெஸ்ரோரன்ருக்கு ஊறுகாய் போட. எனக்கு வயிறு எப்பவும் இப்பிடித்தான்."

காசு வாங்கும் இடத்தில் இருந்த பெண் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்காகக் கேட்டேன் என்று விசாரித்தாள். சோதனை விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. என்னைக் கடைக்கு வெளியே கூட்டிப்போனாள்.

"அக்கா, எனக்கு மூண்டு மாதம். அம்மாவுக்கும் சொல்லேல்லை. போனமுறை ஸ்கேன் எடுக்கேக்கை பிள்ளைக்குத் துடிப்பில்லை. டொக்டர் பிரெஞ்சிலை சொன்னது ஒண்டும் விளங்கேல்லை. அவவின்ரை முகத்தைப் பாத்துத்தான் விளங்கினது. நீங்கள் பாத்தால் தமிழிலை சொல்லுவியளோ?"

"ஓம்" என்றேன். வேவு பார்த்த குஷியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சோதனை நாளில் ஒரு பெண் டொக்டர் எனக்குப் பக்கத்தில் நின்றார். திரையில் பார்ப்பதையெல்லாம் அவருக்குப் பிரெஞ்சில் சொல்லவேண்டும். அளவுகள் எடுத்து முடியும்வரை கர்ப்பிணியோடு பேசக்கூடாது. அதுதான் சட்டம். கருவியை வயிற்றில் வைத்தேன். திரையில் ஒரே இருட்டு. அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டேன். கருவியைக் கொஞ்சம் சரித்தேன்.

"என்ன தெரிகிறது?" என்று டொக்டர் பிரெஞ்சில் கேட்டார்.

"தங்கச்சி, துடிக்குது! நல்லாத் துடிக்குது! கையும் காலும் ஆட்டுது!" என்று அவளைப் பார்த்துத் தமிழில் கத்தினேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார், அழுகிறவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நல்லது, இப்போது எனக்கும் சொல்லும்" என்றார். பிறகுதான் அளவுகளை எடுத்தேன்.

முடிவு தெரிந்ததும் வெளியே ஓடிப்போய், "நான் பாஸ்!" என்று அவளிடம் சொன்னேன். அவள் காதில் விழவேயில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "அம்மா! எனக்கு மூண்டு மாதம்!"