மலை ரயிலில் இரண்டு பாஸ்போர்ட்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைக்காட்டுக்குள் பழைய நீராவி ரயில் மெல்ல ஏறுகிறது. ஜன்னலை உரசும் புகைக்குள் மரங்கள் நீந்துகின்றன. விடுமுறைக்கு வந்த கேரவனை அடிவாரத்தில் விட்டுவிட்டு, நானும் என் மனிசியும் ஏறியிருக்கிறோம். இந்த நாட்டுக்கு அகதியாக வந்த நாளிலும் ரயில்தான். நல்ல மழை, அவள் காலில் என்னுடைய சப்பாத்து. சீருடைக்காரர்கள் எங்களைப் பாதி வழியில் இறக்கினார்கள். அதன்பிறகு எந்த ரயிலிலும் இவள் கண் மூடியதில்லை.

கதவு திறக்கிறது. பித்தளைப் பொத்தான் வைத்த பழங்காலச் சீருடையில் டிக்கெட் பரிசோதகர் வருகிறார். மனிசி சட்டென்று எழும்பி, எங்கள் இரண்டு ஜெர்மன் பாஸ்போர்ட்டையும் நீட்டுகிறாள்.

"இஞ்சை, அவர் டிக்கெட்டல்லோ கேக்கிறார்."

"நீங்கள் சும்மா இருங்கோ. முதல் இதைத்தான் பாப்பினம்."

அவர் பாஸ்போர்ட்டைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றுகிறார். தான் பேக்கரியில் பாண் சுட்டுப் பென்ஷன் எடுத்தவர் என்றும், ஆசைக்கு ஞாயிறுகளில் இந்த உடுப்பைப் போடுவதாகவும் ஜெர்மன் மொழியில் சொல்லிச் சிரிக்கிறார்.

"ஐயோ, ஒரு பாண்காரனுக்கே எழும்பி நிண்டனான்!"

இவளும் சிரிக்கிறாள், கண்ணீர் வருமட்டும்.

புகை வெள்ளையாகி, பிறகு மேகமாகிறது. உச்சி ஸ்டேஷனில் எல்லாரும் இறங்குகிறார்கள். என் தோளில் இவள் குறட்டை விடுகிறாள். நான் அசையவில்லை.