ஞானம்மா பார்க்காத எரிகல்

ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் இரண்டாவது கேட்டில் ஞானம்மாவுக்கு வேலை. பேர் என்னவோ செக்யூரிட்டி. செய்வதெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுவதும் உரிப்பதும்தான். காலையில் உள்ளே போகிறவர்களின் செல்போன் கேமராமீது, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது அது கிழியாமல் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உரிக்க வேண்டும். நடுவில் யாராவது உரித்து மறுபடி ஒட்டினால் அதன்மேல் வெள்ளையாகக் கோடு விழுந்துவிடும். கோடு விழுந்த போனுக்குச் சொந்தக்காரர் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்.

வேலை முடிந்து பென்னலூருக்குப் போய்ச் சேர்ந்தால் சட்டைக் கையில் நாலு, முழங்கையில் ரெண்டு என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் கணவன் அருளப்பன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒருநாள் ரசத்தில் ஒன்று மிதந்தபோது, "என் வாய்க்கும் ஒண்ணு ஒட்டி வுட்டுடு, வூட்ல சண்டையே இருக்காது" என்றான். அவள் சிரிக்கவில்லை. ஸ்டிக்கரைப் பற்றிய கேலி அவளுக்குப் பிடிக்காது.

அதற்குக் காரணம் உண்டு. இந்த கேட்டுக்கு வருமுன் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கிடங்கில் அவளுக்கு இரவு டூட்டி. வருஷக்கணக்கில் பகலில் தூங்கி, இரவில் நாய்களோடு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிழுந்து, பக்கத்துப் பெண்களிடம் முழங்கையால் இடி வாங்கியிருக்கிறாள். செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிய பகல் டூட்டி இது. இரவில் தன் வீட்டில், தன் பாயில், ஊர் உலகம் தூங்கும் நேரத்தில் தூங்குவது. அதைத் தவிர வாழ்க்கையில் பெரிதாக எதையும் அவள் கேட்கவில்லை.

வந்த புதிதில் ஒரு சாயங்காலம், வரிசையின் பின்னாலிருந்து யாரோ ஒருவன் "பாம்பு" என்று கத்தினான். ஞானம்மா திரும்பிப் பார்த்தாள். பாம்பு இல்லை. மறுபடி முன்னால் திரும்பினால் அங்கே நின்றிருந்த மூன்று பேரும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு மெமோ. அதன்பிறகு பையன்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். "அக்கா, ஜி.எம். வராரு" என்றார்கள். ஒருவன் மயங்கிக்கூட விழுந்தான். ஞானம்மா தலையைத் தூக்கியது கிடையாது. கையில் இருக்கும் போனைப் பார்ப்பாள், அடுத்த போனை வாங்குவாள், அவ்வளவுதான்.

கறாரான பெண்மணி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அவளிடம் ஒரு சட்டமீறல் இருந்தது. கேட்டுக்கு வெளியே தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதைத் தாண்டிய பிறகுதான் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒவ்வொருவராக உரித்துக்கொண்டிருந்தால் படப்பைப் பக்கம் போகிற கம்பெனி பஸ் கிளம்பிவிடும். அதை விட்டவர்கள் கூட்டுரோடு வரை நடந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டும். அதனால் அவளே வரிசையின் உள்பக்கமாக நடந்து வந்து, நிற்கிறவர்களின் போனை அங்கேயே உரித்துக்கொடுத்துவிடுவாள். யாரும் இதற்காக அவளுக்கு நன்றி சொன்னதில்லை. கோட்டைத் தாண்டித்தான் உரிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

டிசம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓ.டி. முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இருட்டிவிட்டிருந்தது. உச்சிமாகாளி என்று தென்காசிப் பக்கத்துப் பையன், பிரஸ் ஷாப்பில் டிரெய்னி, படப்பையில் நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறவன், வரிசையில் நின்றான். அவன் போனை வாங்கிப் பார்த்து, உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றவனுடைய போனை வாங்கினாள். அப்போதுதான் தரையெல்லாம் வெளிச்சமானது. பச்சையும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம். அவளுடைய நிழல் அவள் காலைச் சுற்றி நகர்ந்தது. பஸ்காரன் எவனோ ஹெட்லைட்டைப் போட்டுத் திருப்புகிறான் என்று நினைத்தாள். வரிசை மொத்தமும் கத்தியது.

"மேல பாருங்க, மேல பாருங்க."

"இந்த வேலையெல்லாம் என்னாண்ட வேணாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள்.

ஏதோ இடி போலத் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டபோதுதான் தலையைத் தூக்கினாள். மேலே எப்போதும் இருக்கிற விளக்குக் கம்பம் இருந்தது, அதைச் சுற்றி எப்போதும் பறக்கிற பூச்சிகள் பறந்தன.

வீட்டுக்குப் போனால் அருளப்பன் வாசலிலேயே நின்றான். ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தானாம். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை போனதாம். பக்கத்து வீட்டுக்காரி துணி எடுக்க மாடிக்குப் போனவள் பார்த்திருக்கிறாள். கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிவந்து பார்த்திருக்கிறார்கள். டி.வி.யில் எரிகல் என்றார்கள், எங்கேயோ ஒரு கடையின் சிசிடிவியில் பதிவானதைக் காட்டினார்கள். அதில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்து போனது. கொசு என்று சொன்னாலும் நம்பலாம்.

"நீ பாக்கலயா? வெட்டவெளியில தானே நின்னுக்கினு இருந்த?" என்று அருளப்பன் கேட்டான்.

"எனக்கு வேல இருந்துச்சு" என்றாள்.

சாப்பிடும்போது அவளுக்கு அழுகை வந்தது. இதற்கெல்லாம் போய் அழுவதா என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் வந்தது.

வியாழக்கிழமை செக்யூரிட்டி ஆபீசர் ரகு கூப்பிட்டனுப்பினார். வயதில் அவளைவிடச் சின்னவர், மரியாதையாகப் பேசுகிறவர். மேசைமேல் அவருடைய போன் இருந்தது.

"உச்சிமாகாளின்னு ஒரு டிரெய்னி. வரிசையில நின்னுக்கினே வானத்த வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டான். யார்டுல மூடி வெச்சிருந்த புது மாடல் கார் பாடி எல்லாம் அதுல பட்டப்பகல் மாதிரி தெரியுது. கஸ்டமர்ட்ட இருந்து காலையிலேந்து போன். ஸ்டிக்கர நீயே உரிச்சியான்னு கேட்டா, இல்ல, கேட்ல அக்கா உரிச்சுக் குடுத்தாங்கன்னு சொல்றான்."

ஞானம்மா மேசைமேல் இருந்த போனைப் பார்த்தாள்.

"சிசிடிவியில அதுக்கு முன்னாடி கூட்டம் மறைக்குது, அந்த நேரம் எல்லாம் வெள்ளையா பூத்துப்போச்சு, ஒண்ணும் தெரியல. உங்க வார்த்ததான். கோட்டுக்கு உள்ள நீங்க உரிச்சீங்களா, இல்லையா? இல்லன்னா அவனா உரிச்சதுன்னு ஆவும், அவன அனுப்பிடுவாங்க. ஆமான்னா உங்கள ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது வரும். நீங்க அப்படிப்பட்டவங்க இல்லன்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லுங்க, முடிச்சிரலாம்."

இதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஒரு நாள் முழுக்க கேட்டில் இந்தப் பேச்சுதான் ஓடியது. இல்லை என்று சொல்லவும் தீர்மானித்திருந்தாள். அவன் பஸ்ஸை விடக்கூடாதே என்று உரித்துக்கொடுத்ததற்கு, அவள் பெயரையே கொண்டுபோய் ஆபீசரிடம் கொடுத்திருக்கிறான். மறுபடி அந்தக் கிடங்கு, அந்த நாய்கள். இவனுக்காக எதற்கு?

"வீடியோ இருக்கா சார்?" என்று கேட்டாள்.

அவர் போட்டுக் காட்டினார். முதலில் தரை தெரிந்தது, நிறையக் கால்கள், அப்புறம் பச்சை வெளிச்சத்தில் குனிந்த ஒரு தலை. நடுவகிடு எடுத்து இறுக்கிச் சீவிய தன் தலையை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சுற்றிலும் அத்தனை பேருடைய முகமும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு போன் உயர்ந்தது. வானத்தின் குறுக்கே அது போனது. முன்னால் உருண்டையாக, பின்னால் நீளமாக எரிந்துகொண்டு போய், ரெண்டாக உடைந்து, உடைந்தவை சேர்ந்தாற்போலக் கொஞ்ச தூரம் ஓடி அணைந்தன.

"இன்னொரு தபா போடுங்க சார்."

அவள் ஞாபகப்படுத்திக்கொள்கிறாள் என்று நினைத்து அவர் போட்டார். இந்தமுறை சத்தம் அவளுக்குக் கேட்டது. கூச்சலுக்கு நடுவே, போனுக்கு மிகப் பக்கத்தில் உச்சிமாகாளியின் குரல். "ஏக்கா, மேல பாருங்க. ஏக்கா, எக்கா, ஒருக்கா பாருங்கக்கா, போயிரும்." வேறு யாரையும் அல்ல, அவளைத்தான். அது போய் முடியும்வரை அந்தக் குரல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் அவளுடைய குரல், அந்த வேலையெல்லாம் தன்னிடம் வேண்டாம் என்றது.

மூன்றாவது முறையும் கேட்டாள். ரகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டார்.

"நான்தான் சார் உரிச்சேன்" என்றாள். "கோட்டுக்கு உள்ளதான். தினமும் அப்படித்தான் செய்றேன்."

"தினமும்னு நான் கேக்கல ஞானம்மா."

"ஆமா சார். ஆனா தினமும்தான்."

அன்று சாயங்காலமே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஏஜென்சிக்காரன் கொஞ்சம் கத்திவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பழைய கிடங்குக்கே போகச் சொன்னான், இரவு டூட்டி. உச்சிமாகாளியை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். புதிதாக வந்த கேட் ஆள் மஞ்சள் கோட்டைத் தாண்டித்தான் உரிக்கிறான். பாதிப் பேருக்கு பஸ் போய்விடுகிறது.

திங்கட்கிழமை டூட்டிக்குப் போக அவள் கூட்டுரோட்டில் நின்றபோது, பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்த கூட்டத்தில் உச்சிமாகாளி இருந்தான். நேரே அவளிடம் வந்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க இல்லன்னு சொல்லிருவீயன்னுதாம்க்கா நெனச்சேன்."

"நானும் அதான் நெனச்சேன்" என்றாள் ஞானம்மா. "அத்த வுடு. அந்த வீடியோ உன்னாண்ட கீதா? எனக்கு அனுப்பு."

"அன்னைக்கே அழிச்சிட்டேம்க்கா. ஆபீசர் முன்னாலயே அழிக்கச் சொன்னாவ. ரூம்ல பயலுவளும் பயந்து அழிச்சிட்டானுவ."

ரகுவின் போனில் இருப்பதைப் போய்க் கேட்க முடியாது, இனி அதை எங்கும் பார்க்க முடியாது என்பதை அப்போதுதான் முழுதாக உணர்ந்தாள்.

"சரி, சொல்லு. போன்ல பாத்தது எனக்கும் தெரியும். நேர்ல எப்படி இருந்துச்சு?"



"நேர்ல நான் பாக்கலக்கா" என்றான். "படம் சரியா விழுதான்னு போனைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நிமிந்து பாக்கும்போது ஒண்ணும் இல்ல. லைட்டு கம்பந்தான் இருந்துச்சு."

ஞானம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"அவ்ளோ பேர்ல பாக்காதது நாம ரெண்டு பேர்தானா?" என்றாள்.

வாலாஜாபாத் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ வந்தது. நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.