கேட்பதற்கு முன் சொன்ன எருமைக் கேசு

போலீஸ் ஸ்டேஷனில் ஒருமுறை பெருவிரலில் மை தடவி உருட்டிவிட்டால், பிறகு எந்தத் தாளில் வைத்தாலும் "இவன் பிடிபட்டவன்" என்று அந்த விரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு மீசை வந்திருந்தது, மூளை இன்னும் ஊரிலிருந்து கப்பல் ஏறவில்லை.

சிராங்கூன் சாலையில் டிராம் ஓடத் தொடங்கிய சமயம். பக்கத்துத் தொழுவத்துப் பால்காரரின் எருமை ஒன்று தண்டவாளத்தில் படுத்துக்கொண்டது. டிராம் மணியடித்தது. எருமை அசைபோட்டது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மாத்தா, அதாவது போலீஸ்காரர், வந்து பார்த்தபோது கயிறு என் கையில் இருந்தது, பால்காரரைக் காணோம். எருமை என்னுடையது, டிராமை மறித்தேன் என்று என்னைப் பிடித்துப் போய் விரலை உருட்டினார்கள். மறுநாள் பால்காரர் வந்து எருமை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதும் மாஜிஸ்திரேட்டு துரை என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

அதோடு போயிருக்கும். ஆனால் அடுத்த வருஷம் நான் வேலை செய்த செங்கல் சூளையை மூடிவிட்டார்கள். ஆள் எடுப்பதாகக் காதில் விழுந்த ஒரே இடம் டிராம் கொட்டகை. கண்டக்டர் வேலையாம். சேருகிறவர்கள் பெருவிரல் வைக்க வேண்டுமாம்.

எலுமிச்சம்பழம், சாம்பல், செங்கல் தூள் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். மை போய் மாதக்கணக்காகியிருந்தது, போனது தோல்தான். கடைசியில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். பால்காரர் வழிமறித்தார்.

"என்னா மச்சான், கட்டைவிரலுக்குத் தலப்பாவா? பொண்ணு பாக்கப் போவுதா?"

"உங்க எருமையாலதான்யா இந்தக் கோலம்! டிராம் கொட்டகையில பெருவிரல் வைக்கச் சொல்றாங்களே!"

"அது டிராம் வந்தும் அசையல. நீங்க டிராம் நிக்கிற எடத்துக்குப் போவ நடுங்குறீங்களே லா!"

எருமையோடு ஒப்பிட்டு அதிலும் தோற்றது உறைத்தது. நடந்துகொண்டே முடிவெடுத்தேன்: அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுவது. ஒளித்து வைத்துக் காவல் காக்கிற வேலைக்கு யார் சம்பளம் தருவார்கள்?

கொட்டகையில் ஆள் எடுத்தவர் யாழ்ப்பாணத்துக் கிராணியார், அதாவது குமாஸ்தா.

"பேரைச் சொல்லும்."

"ஐயா, என்னை மாத்தா பிடிச்சிருக்காங்க."

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்க, இப்பவோ?"

"போன வருசங்க. எருமைக் கேசு."

"களவெடுத்தனீரோ?"

"ஐயையோ, இல்லீங்க. வெலக்கிவிட்டேன். உங்க டிராமைத்தான் மறிச்சிருந்துச்சு."

கடைசி வாக்கியம் யாரும் கேட்காதது. என் நாக்குக்கு எப்போதும் அவசரம். கிராணியார் பேனாவைக் கீழே வைத்தார்.

"தண்டம் கட்டினீரோ?"

"இல்லீங்க. விட்டுட்டாங்க. கோர்ட்டுல கேளுங்க, பால்காரரையும் கூட்டியாறேன். சேந்தப்புறம் தெரிஞ்சு நீங்க தொரத்த வேணாம். வேல வேணுங்க, அதான் முன்னாடியே சொல்றேன்."

"விரலில என்ன காயமோ?"

காரணத்தையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பை அடக்க இருமல் தேவைப்பட்டது. "விரல் வைக்கிறது சம்பளம் எடுத்ததுக்கு அடையாளமாத்தான். அதைப் பாத்து இங்க ஆரும் ஆரையும் பிடிக்கிறேல்ல. நான் கோர்ட்டில விசாரிக்கிறன். வெள்ளிக்கிழமை வாரும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததுமே போய் நின்றேன். அவர் விசாரித்திருந்தார், நான் சொன்னது சரியாக இருந்தது. கண்டக்டர் வேலை தரவில்லை, அதற்கு ஆள் நிரம்பிவிட்டது. திங்கட்கிழமை, அவர் கொடுத்த டிராம் கழுவும் வேலையில் சேர்ந்தேன்.