மேடைக்குத் தாமதமாக வந்த மணப்பெண்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், இந்தப் பருவம் மட்டும் திருமுல்லைவாயில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்தாள். வருகைப்பதிவு குறைந்தால் மாணவர் விசா ரத்தாகிவிடும்.

அவளுடைய கல்யாண வரவேற்பு அன்று மாலையும் வகுப்பு இருந்தது.

"ஜுரம்னு சொல்லிடும்மா," என்றேன்.

"பொய் சொல்ல மாட்டேன்ப்பா. மேடைக்கு லேட்டா வரேன்," என்று பட்டுப்புடவையோடு மணமகள் அறையில் லேப்டாப் முன் உட்கார்ந்துவிட்டாள்.

மேடையில் மாப்பிள்ளை தனியாக நின்றார். அவருடைய அம்மா எழுந்து, நான் நின்றிருந்த மணமகள் அறைவாசல் பக்கம் வந்தார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவரோ என்னைத் தாண்டிப் போய், "எம் மருமவ படிச்சிகினு கீது, மோளத்த நிறுத்துப்பா!" என்று மேளக்காரரை அதட்டினார்.

மண்டபம் அமைதியானது. பெண்ணைப் பெற்றவன் குனிந்தே நிற்க வேண்டும் என்று நினைத்திருந்த நான், அந்த அறைவாசலில் நிமிர்ந்து நின்றேன், மாப்பிள்ளை வீட்டாரைக் காக்கவைத்த பெண்ணின் அப்பனாக.