அக்காவின் இடது கண்

யாராவது முகூர்த்தப் பட்டை விரித்தால், புடவையை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து காட்டுபவரின் இடது கண்ணைப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் கலைந்த புடவைகளை மடித்து மடித்தே தலை நரைத்தவன் நான். விற்பனை எனக்கு வராது. நான் சிரித்தால் வந்தவர்களுக்கு விலைமேல் சந்தேகம் வந்துவிடும். விற்றது அக்கா. கடையில் எல்லாருக்கும் அவர் அக்காதான். இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

ஒருமுறை கல்யாண வீட்டார் அரக்கு நிறப் புடவையை விரித்த நேரத்தில், அக்காவின் இடது கீழிமை படபடவென்று துடித்தது. மணப்பெண்ணின் அத்தை கையைத் தட்டினார். “பொம்பளைக்கு இடது கண்ணு துடிக்குது, இதவிட நல்ல சகுனம் வோணுமா? இதையே எடுமா!” அப்புறம் அடிக்கடி துடித்தது, துடித்தபோதெல்லாம் விற்றது. முதலாளி அக்காவை முகூர்த்தப் பிரிவிலேயே உட்காரவைத்தார். ஏனாத்தூர் மாதிரி சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் ‘கண்ணு துடிக்கிற அம்மா’வைக் கேட்டு வந்தார்கள். “கண்ணுக்குத் தனியா கமிஷன் கேளுக்கா” என்பேன். சிரிப்பார். போகப்போக அந்தச் சிரிப்பில் பாதி அவருடையதாக இல்லை. துடிப்பு கன்னத்தில் இறங்கி, வாயோரத்தைப் பிடித்து மேலே இழுத்தது.

ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சொன்னார்: “தூங்கறப்பகூட நிக்கமாட்டேங்குதுபா. நான் அசந்து கெடக்குறேனாம், மூஞ்சி மட்டும் ஆடிக்கினு இருக்குதாம். எம்பொண்ணு பயந்துக்கினு சொவுரு பக்கம் திரும்பிப் படுத்துக்குறா.”

இருட்டில் தானாக ஆடும் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் இன்றுவரை அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சென்னை டாக்டர் சொன்னதை அக்கா எனக்கு விளக்கினார். காதுக்குப் பின்னால் உள்ளே, மூளையிலிருந்து முகத்துக்கு வரும் நரம்பின்மேல் ஒரு சின்ன ரத்தக்குழாய் சாய்ந்து கிடக்கிறது. நாடி அடிக்கும்போதெல்லாம் அது நரம்பை இடிக்கிறது. இடிபட்டு உறை தேய்ந்த நரம்பு, யாரும் கேட்காமலே தசைக்கு உத்தரவு போடுகிறது. “நடுவுல பஞ்சு மாதிரி ஒண்ணு வெச்சுப் பிரிச்சுடுவாங்களாம். பக்கத்துலயே காது நரம்பு. அது போனாலும் போவுமாம்.”

“ஆவணி முகூர்த்தம் போகட்டும்மா” என்றார் முதலாளி. அக்கா ஆடியிலேயே போய் ஆபரேஷன் செய்துகொண்டார்.

திரும்பி வந்தபோது துடிப்பு இல்லை. இடது காதும் கேட்கவில்லை. ஆவணியில் பழைய வாடிக்கைக் குடும்பம் ஒன்று, விரித்த புடவையை விட்டு அக்காவின் கண்ணையே பார்த்துக் காத்திருந்தது. முதலாளி அவருடைய இடப்பக்கம் குனிந்தார். “ஒரே ஒரு தடவ, நீயா சிமிட்டேன்மா.”

தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அக்கா திரும்பவில்லை. வந்தவர்கள் எடுக்காமலே போனார்கள்.

“நெஜமாவே கேக்கலியாக்கா?” என்றேன் பிறகு.

“அந்தக் காதுதான் பூடுச்சேபா.” முழு முகமும் சிரித்தது. பிறகு புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: “பொண்ணு இப்ப எம்பக்கம் திரும்பித்தான் படுக்குறா. இடது பக்கமா. காதுல ஏதோ ரகசியம் பேசிக்கினே தூங்கிப்பூடுறா. என்னான்னுதான் தெரியல.”

“காது கேக்கலன்னு அவகிட்ட சொல்லலியா?”

“சொன்னா பேசறத நிறுத்திடுவாபா” என்றார் அக்கா.