எலும்பெடுக்க ஒரு கத்தி

கறிவெட்டும் கூடத்தில் அவருக்கு 'எக்ஸ்ரே' என்று பட்டப்பெயர். கண்ணைக் கட்டிவிட்டாலும், கோழித்தொடைக்குள் எலும்பு எங்கே திரும்புகிறது என்று கத்தி நுனியாலேயே கண்டுபிடித்துவிடுவார். குளிர் அறையில் நின்றே இருபத்திரண்டு வருடம். போன மாதம் மேற்பார்வையாளன் கூப்பிட்டு, "கை ரொம்ப மெதுவாயிடுச்சு, நாளையிலேர்ந்து வரவேணாம்ணே" என்றான். அவ்வளவுதான். உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை.

வீட்டில் மட்டும், "போதும்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். வீம்பு! வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போய்க் கிடப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்கு வீட்டிலிருந்தே கோழி எலும்பெடுத்துத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். கூடத்துக் கத்திகள் கூடத்தோடு போயின. புதிது வாங்க மனைவியையும் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனார். ஒரு கத்தி கைக்கு அடங்கிவிட்டால் தான் இன்னும் வேலைக்காரன்தான் என்று நம்பியிருந்தார், பாவம்.

கடைக்காரர் பளபளவென்று ஒரு பெரிய கத்தியை நீட்டினார்.

"இது காய் நறுக்கத்தான் லாயக்கு," என்று அதை ஒதுக்கினார் 'எக்ஸ்ரே'. "எலும்பெடுக்க அலகு ஒல்லியா, அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட இருந்தா போதும். ஆட்டுக்கறின்னா விறைப்பா இருக்கணும். கோழிக்கு லேசா வளைஞ்சு குடுக்கணும், அப்பதான் எலும்பை ஒட்டியே போகும்."

பிறகு கொஞ்சம் எண்ணெய் கேட்டு வாங்கி உள்ளங்கை முழுக்கப் பூசிக்கொண்டார். கூடத்தில் யாரும் உலர்ந்த கையோடு கத்தி எடுப்பதில்லை. வேலையில் கை எப்போதும் கொழுப்பும் தண்ணீருமாகத்தானே இருக்கும்? அப்போதும் நழுவாத பிடிதான் பிடி.

"கத்தி வாங்க வந்தீங்களா, கைக்கு மசாஜ் பண்ண வந்தீங்களா?" என்றாள் மனைவி. கடைக்காரர் சிரித்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது.

சொரசொரப்பான பிடியுள்ள ஒன்றை எடுத்து, நுனியைப் பலகையில் ஊன்றி ஓங்கி அழுத்தினார். "பாத்தீங்களா? அசையவே இல்ல. பிடிக்கும் அலகுக்கும் நடுவுல இந்த மேடு இருக்கே, இதுதான் விரலைத் தடுக்கும்..." பேசிக்கொண்டே போனார்.

"அண்ணே, கை!" என்று அலறினார் கடைக்காரர்.

அவர் பதறி, இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரத்தம் வலது கையிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. இரண்டு விரல்கள் மேட்டைத் தாண்டி அலகின் மேலேயே கிடந்தன.

மனைவி கத்தியை மெல்ல விலக்கி, கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"நீங்களா எழுதிக் குடுத்தீங்க?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

"சரி, வாக்குக் குடுத்தாச்சு. கோழிய நான் வெட்டுறேன், எங்கன்னு நீங்க சொல்லுங்க." கடைக்காரரிடம் திரும்பினாள். "என் கைக்கு அடங்குற மாதிரி எடுங்க."

மூன்று கத்திகள் வந்தன. எண்ணெய் பூசிய கையோடு ஒவ்வொன்றாக ஊன்றினாள். முதலாவது நழுவியது. இரண்டாவது இம்மியும் அசையவில்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அதுதான் சரி என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அந்த வீட்டில் கத்தி பிடிக்கிற ஆள் இனி அவர் இல்லை.

"இது வழவழன்னு நல்லாருக்கே, இதையே எடுத்துக்கட்டுமா?" மூன்றாவதை அவள் ஊன்றப் போனாள். அதில் மேடே கிடையாது. அழுத்தினால் விரல் நேரே அலகுக்குப் போய்விடும்.

"அதைக் கீழ வை!" என்று அதட்டினார். "ரெண்டாவதை எடு."