பன்னிரண்டு நாற்பது வண்டி

அமீர் ஹம்சாவுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. ஆனால் போத்தனூர்ப் பக்கம் உள்ள ஓர் அரசு பஸ் டிப்போவின் அறுபத்திரண்டு வண்டிகளையும் இருபத்தாறு வருடமாக ஓட்டியவர் அவர்தான். யாருக்கு எந்த வண்டி, எந்த நேரம் என்று டூட்டி போடுகிற எழுத்தர். அவர் பென்சில் சீவினால் பல்லடத்தில் ஒரு பஸ் ஹாரன் அடிக்கும் என்பார்கள். நான் நம்புகிறேன்.

அந்தப் பென்சில் எந்த விதியிலும் இல்லாத ஒன்றைச் செய்துவந்தது. வெள்ளிக்கிழமை மதியம் முஸ்லிம் டிரைவர்களைத் தொழுகைக்கு விட்டுவிட்டு, அவர்கள் வண்டிகளைக் கிறிஸ்தவ டிரைவர்களிடம் கொடுக்கும். ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் கிறிஸ்தவர்களின் வண்டிகளை முஸ்லிம்கள் ஓட்டுவார்கள்.

புதிய கிளை மேலாளர் லின்சி வந்த இரண்டாம் மாதம் டூட்டி கம்ப்யூட்டருக்குப் போனது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே கூடாது என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. பென்சிலுக்குப் பிடிக்காத சிலர் ஆறு வருடமாக, யாரும் விரும்பாத பொள்ளாச்சிப் பாதையிலேயே கிடந்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல விட்டுப்போனது ஏதாச்சும் இருந்தா வியாழக்கிழமைக்குள்ள சொல்லிருங்க, ஹம்சா சார்" என்று லின்சி மூன்று முறை கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றார் ஹம்சா, மூன்று முறையும். கம்ப்யூட்டர் முதல் வெள்ளிக்கிழமையே கவிழட்டும் என்று உள்ளே ஓர் ஆசை.

வெள்ளிக்கிழமை வந்தது. மூத்த முஸ்லிம் டிரைவர்கள் லீவு போட்டு நழுவிவிட்டார்கள். உபரி டிரைவர்கள் அத்தனை பேரும் அந்த வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டவன் ஆசிப். வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பன்னிரண்டு நாற்பது காந்திபுரம் வண்டி என்று அவன் செல்போனுக்கு டூட்டி வந்திருந்தது.

"தொழுதுட்டு ஒண்ணரைக்கு எடுக்கறனுங்க மேடம்."

"ஸ்டாப்புல நிக்கிற ஜனம் ஒண்ணரை வரைக்கும் நிக்குமா? எடுக்கலீன்னா ஆப்சென்ட் போட்டு மேல அனுப்போணும். எனக்கு வேற வழி இல்லீங்க."

ஆப்சென்ட் விழுந்தால் நிரந்தரம் போயிற்று. ஆசிப் டூட்டிச் சீட்டை லின்சியின் மேசையில் வைத்துவிட்டு, எடுக்கவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்றான். மணி பன்னிரண்டு பதினைந்து. கம்ப்யூட்டர் கவிழும் என்று பார்த்தால் பையனல்லவா கவிழ்கிறான்.

ஹம்சா ஓய்வறைக்கு ஓடினார். அங்கே அமிர்தராஜ் என்ற டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பன்னண்டு நாப்பதை எடுத்துரு கண்ணு. உன் வண்டிய ஆசிப் எடுத்துக்குவான்."

"எனக்கு ரெண்டு மணிக்குன்னு செல்லுல இருக்குதுங்க பாய். உங்க பென்சிலத்தான் ரிட்டையர் பண்ணிப்போட்டாங்களே." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஞாயித்துக்கெழம காலைல என்ன விழுந்திருக்குதுன்னு பாத்தியா?"

அமிர்தராஜ் செல்லை எடுத்தார். ஏழரை மணி வண்டி. சரியாகப் பூசை நேரம். சிரிப்பு நின்றது.

"சோத்துல கை வெச்சிருக்கறப்பத்தானா இதச் சொல்லோணும்" என்றார். "எடுக்கறனுங்க. ஆனா மேடம் எழுதிக் குடுக்கோணும். இல்லீன்னா எம்மேலயும் விழும்."

மேடம் எழுதித்தர வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு ஹம்சா லின்சியின் முன் நின்றார்.

"மூணு தடவ கேட்டீங்க. தெரிஞ்சேதான் சொல்லாம விட்டுப்போட்டனுங்க. மெமோவ எனக்குக் குடுங்க, அவனுக்கு வேண்டாம்." வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடந்துவந்த வண்டி மாற்றத்தை முழுதாகச் சொன்னார்.

லின்சி கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப எழுதித் தாரேன். ஆனா இதையும் செல்லுலயே போட்டுருவேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா யாரும் யாரோடயும் மாத்திக்கலாம். நோம்பி திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும், எல்லாருக்கும் ஒரே விதி. அப்புறம் உங்க மேசைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. யார் யாருக்கு எப்ப மாத்தினீங்கங்கற விவரம் அத்தனையும் நீங்கதான் சொல்லோணும். சொல்லுவீங்களா?"

வெளியே கண்டக்டர் விசில் ஊதினார். ஆசிப் நின்ற இடத்திலேயே நின்றான்.

"எழுதிக்குங்க மேடம்" என்றார் ஹம்சா.

அமிர்தராஜ் எடுத்த வண்டி மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஆசிப் பள்ளிவாசலுக்கு ஓடிய ஓட்டத்தில் செருப்பு பின்னால்தான் வந்தது.

சாயங்காலம் வரை ஹம்சா சொல்லச் சொல்ல லின்சி கம்ப்யூட்டரில் ஏற்றினார். முடிந்ததும் மெமோவையும் கையில் கொடுத்தார்.

ஞாயிறு காலை அமிர்தராஜ் பூசையில் இருந்தார். ஏழரை வண்டியை ஆசிப் எடுத்தான். டூட்டி மேசைப் பக்கம் ஓர் ஆள்கூட வரவில்லை. ஹம்சா தனியாக உட்கார்ந்து மெமோவுக்குப் பதில் எழுதினார். காரணம் என்ன என்ற இடத்தில், 'கேட்டார்கள், நான் சொல்லவில்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.